குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ: புதுசா டிஎஃப்டிக்கு வர்றவங்க எடுக்கலாமா?

பிஹெச்டி சேர்ந்ததும் கைடு "டிஎஃப்டி பண்ணிடுப்பா"ன்னு ஒத்த வரில சொல்லிட்டு போயிட்டாரா (டிஎஃப்டின்னா எலக்ட்ரான் அடர்த்திய வெச்சு ஒரு பொருளோட குணத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போடுற முறை), எந்த சாஃப்ட்வேர்னு முழிச்சிட்டு இருக்கீங்களா, அப்போ இத படிங்க. என் ஓட்டு குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவுக்குத்தான், ஆனா கண்ண மூடிட்டு போடல.

முதல்ல காசு மேட்டர். வாஸ்ப்ங்கிற இன்னொரு டிஎஃப்டி சாஃப்ட்வேர் சூப்பரான கோடு, அதுல சண்டையே இல்ல, ஆனா காசு குடுத்து வாங்கணும், லைசென்ஸும் க்ரூப் பேர்லதான் இருக்கும், லேப் மாறினீங்கன்னா கையில ஒண்ணும் இருக்காது. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ இத்தாலில திரியெஸ்தே பக்கம் வளர்ந்த சாமான், ஜிபிஎல் லைசென்ஸ், ஃப்ரீ, 2009ல பேப்பரா வந்துச்சு, இன்னிக்கும் யூஸ் பண்றவங்க அதையும் 2017 பேப்பரையும் சைட் பண்ணணும், அவ்ளோதான் அவங்க கேக்குறது. உபுண்டுல ஏபிடில ஒரு வரி அடிச்சா இறங்கிரும், ரெண்டு ஆட்டம் சிலிகான்லாம் சாதா லேப்டாப்லயே சில செகண்ட்ல முடிஞ்சிரும். பெருசா ஓட்டணும், திருச்சி என்ஐடில இருக்கிற பரம் பொருள் மாதிரி ஒரு சூப்பர்கம்ப்யூட்டர்ல அக்கவுண்ட் கெடைச்சிருக்குன்னா சோர்ஸ் கோட கொண்டுபோய் நீங்களே காம்பைல் பண்ணிக்கலாம், லைசென்ஸ் எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம். இன்புட்ல எழுத்து பிழை இருந்தா டக்குனு நின்னுரும், ஆனா இயற்பியல் தப்பா இருந்தா பல நேரம் வாயே தொறக்காது. இரும்ப எடுத்துக்கோங்க, காந்தத்த கணக்குல சேக்கணுமானு சொல்ற என்ஸ்பின்னுக்கு 2 போடலேன்னா அது பாட்டுக்கு 1னு எடுத்துக்கிட்டு காந்தமே இல்லாத இரும்புக்கு அழகா எனர்ஜி குடுத்துரும், நிஜத்துல ஒரு ஆட்டத்துக்கு சுமார் 2.2 போர் மேக்னட்டான் அளவுக்கு காந்தம் இருக்கணும். அதவிட மோசம், 100 இட்டரேஷன் (சுத்து) தாண்டியும் கன்வெர்ஜ் ஆகலேன்னா, அதாவது விடை ஒரு நிலைக்கு வரலேன்னா, நடுவுல ஒரு வரி சொல்லிட்டு கடைசில "ஜாப் டன்"னு போட்டு முடிச்சிரும், அத மட்டும் பாத்துட்டு எக்செல்ல நம்பர் ஏத்துறவங்கள எத்தனையோ பேர பாத்தாச்சு. ஆச்சரியக்குறியோட ஆரம்பிக்கிற டோட்டல் எனர்ஜி வரி இருக்கானு அவுட்புட் ஃபைல்ல க்ரெப் பண்ணி (தேடி) பாருங்க, கன்வெர்ஜ் ஆனாத்தான் அது வரும். ஆகலேன்னா ஒவ்வொரு சுத்துலயும் புது அடர்த்திய எவ்ளோ கலக்கணும்னு சொல்ற மிக்ஸிங் பீட்டாவ 0.7ல இருந்து 0.3க்கு இறக்கி பாருங்க, பாதி கேஸ் அதுலயே சரியாகும்.

கட்ஆஃப், அதாவது எவ்ளோ எனர்ஜி வரைக்கும் அலைகள கணக்குல சேத்துக்கணும்ங்கிற வரம்பு, இங்க ரிட்பெர்க்ல, 1 ரிட்பெர்க் 13.6 எலக்ட்ரான் வோல்ட். வாஸ்ப் ட்யூட்டோரியல் பாத்துட்டு வந்து 500னு போட்டா 6800 எலக்ட்ரான் வோல்ட் ஆயிரும், மெமரி நாறிடும். சூடோபொட்டென்ஷியல் (அணுக்கருவுக்கும் உள் எலக்ட்ரான்களுக்கும் பதிலா போடுற ஃபைல்) நீங்களேதான் தேடி எடுக்கணும், வாஸ்ப்ல கூடவே வர்ற மாதிரி இல்ல. அங்கங்க கெடைக்கிறத அள்ளாம எஸ்எஸ்எஸ்பி லைப்ரரிய எடுத்துக்கோங்க, ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் எவ்ளோ கட்ஆஃப் வேணும்னு அதுலயே போட்டிருப்பாங்க. அல்ட்ராசாஃப்ட் வகை சூடோபொட்டென்ஷியல் எடுத்தீங்கன்னா சார்ஜ் டென்சிட்டி கட்ஆஃப டிஃபால்ட்ல விட்டுறாதீங்க, அது மேல சொன்ன கட்ஆஃப்ல வெறும் 4 மடங்குதான், 8ல இருந்து 12 வரைக்கும் தேவைப்படும். இன்புட் எழுதவே பயமா இருந்தா மெட்டீரியல்ஸ் க்ளவுட்ங்கிற வெப்சைட்ல ஒரு ஜெனரேட்டர் இருக்கு, ஸ்ட்ரக்ச்சர் ஃபைல போட்டா இன்புட் ரெடியா வரும், ஆனா அதுக்கு அப்புறமும் கட்ஆஃப், கே பாயிண்ட் (மொமெண்டம் வெளில கணக்கு எடுக்குற புள்ளிகள்) ரெண்டுக்கும் கன்வெர்ஜன்ஸ் டெஸ்ட், அதாவது கூட்டினாலும் விடை மாறலையானு பாக்குற டெஸ்ட், நீங்கதான் ஓட்டணும், ரெவ்யூவர் கேக்குற மொத கேள்வியே அதுதான்.

பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய எனர்ஜி இடைவெளி) கம்மியா வருதேன்னு இத திட்டாதீங்க. சிலிகானுக்கு பிபிஈங்கிற ஃபங்ஷனல்ல (எலக்ட்ரான்களுக்கு இடையில நடக்குறத தோராயமா கணக்கு போடுற சூத்திரம்) 0.6 எலக்ட்ரான் வோல்ட் கிட்டத்தான் வரும், நிஜம் 1.1, அது ஃபங்ஷனல் பண்ற வேலை, எந்த கோடுல போட்டாலும் அப்படித்தான். ஹைப்ரிட் ஃபங்ஷனல் போட்டா சரியாகும், க்யூவுல வரிசை கட்டி நிக்க தயாரா இருந்தா.

இன்னொரு எரிச்சல், பழைய ட்யூட்டோரியல். 7.1 வெர்ஷன்ல இருந்து ஹப்பர்ட் யூ (டி, எஃப் எலக்ட்ரான்களுக்கு போடுற திருத்தம்) குடுக்குற முறையவே மாத்திட்டாங்க, அதுக்கு முந்தின இன்புட்ட அப்படியே காப்பி பண்ணா ஓடாது. எந்த வீடியோ பாத்தாலும் வெர்ஷன் என்னன்னு மொதல்ல பாருங்க.

கெமிஸ்ட்ரி ஆளுங்க, உங்க வேலை தனி மாலிக்யூல்தான்னா இது வேணாம். பெரிய காலி பெட்டிக்குள்ள ஒத்த மாலிக்யூல வெச்சு ப்ளேன் வேவ் (பெட்டி முழுக்க பரவுற அலைகள்) போட்டா வெற்றிடத்துக்கும் சேத்து கணக்கு போட்டுட்டு இருக்கும். அதுக்கு ஓர்காங்கிற சாஃப்ட்வேர் இருக்கு, அகாடமிக்ல ஃப்ரீதான். க்ரிஸ்டல், சர்ஃபேஸ், ஃபோனான் (க்ரிஸ்டல்ல அணுக்களோட அதிர்வு) வேலைன்னா இங்க வாங்க.