பழைய டெலஸ்கோப் மவுண்ட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: புதுக் கிரீஸை நம்பாதீர்கள்

திருப்பத்தூர் பக்கம் எங்கள் மொட்டை மாடியில், தகரக் கூரையைத் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு அறை கட்டியிருக்கிறேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நல்லபடியாக ஒரு படம் எடுக்கணும் என்பது ரொம்ப நாள் ஆசை. டிசம்பரில் மழை விட்டதும் ஒருவரிடம் செகண்ட்ஹேண்ட் மவுண்ட் வாங்கினேன்; டெலஸ்கோப்பைத் தாங்கி, நட்சத்திரம் நகர நகர மோட்டாரால் கூடவே திருப்புகிற கருவி அது. 85,000 ரூபாய். "சர்வீஸ் பண்ணி புதுக் கிரீஸ் வச்சிருக்கேன் சார்" என்றார். மோட்டார் ஓடும் வீடியோவும் அனுப்பினார். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு சார்?" அப்போதே நான் விலகியிருக்க வேண்டும்.

முதல் ராத்திரி, 5 நிமிட எக்ஸ்போஷர்களில் பாதிக்கு மேல் நட்சத்திரங்கள் கோடாக விழுந்தன. போன் செய்தேன். "உங்க போலார் அலைன்மென்ட் தப்பு சார்." அதாவது, மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் நான் சரியாகத் திருப்பி வைக்கவில்லையாம். நம்பிவிட்டேன். நம் பக்கம் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 12 டிகிரி சொச்சம்தான். எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தென்னை அதையும் மறைக்கிறது. மூன்று வாரம் பனியில் நின்று அச்சைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். பணத்தைவிட, வீணாய்ப்போன அந்த அமாவாசை ராத்திரிகள்தான் வலிக்கிறது.

அச்சு விலகியிருந்தால் நட்சத்திரம் மெதுவாக ஒரே பக்கம் நகரும். கைடிங்கை (ஒரு நட்சத்திரத்தைக் கேமராவில் கவனித்து மவுண்டைத் தானாகத் திருத்தும் ஏற்பாட்டை) நிறுத்திப் பார்த்தபோது என்னுடையது கிழக்கு மேற்காக ஆடியது. 8 நிமிடத்துக்கு ஒருமுறை வெடுக்கென்று குதித்தது. மவுண்டுக்குள் அச்சைத் திருப்பும் பெரிய சக்கரத்துக்கு 180 பல்; வார்ம் என்கிற திருகு ஒரு சுற்றுக்கு ஒரு பல் வீதம் அதைத் தள்ளும். பூமி ஒருமுறை சுழலும் 86,164 வினாடியை 180-ஆல் வகுத்தால் 479 வினாடி, அதாவது வார்ம் திருகு ஒரு சுற்று முடிக்கும் நேரம். கழற்றினேன். மேலே வெள்ளைக் கிரீஸ். விரலால் வழித்தால் அடியில் பழைய கருப்பு, அதில் பித்தளைத் தூள் மினுங்கியது. திருகில் ஒரு புரி நசுங்கியிருந்தது, நகத்தில் தட்டுப்பட்டது. எங்கோ கீழே விழுந்த மவுண்ட். அதைச் சொன்னதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வாங்கும் முன், நட்சத்திரம் கோடாக விழட்டும் என்று அச்சை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கிவைத்து, கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) குறைத்து, கைடிங் இல்லாமல் 16 நிமிடப் படம் ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். நட்சத்திரக் கோடு வழவழப்பாக அலை போட்டிருந்தால் பரவாயில்லை, அது இப்படித் திருகு வைத்த எல்லா மவுண்டிலும் உண்டு, கைடிங் பார்த்துக்கொள்ளும். நடுவில் படிக்கட்டு மாதிரி வெட்டு இருந்தால் தொடாதீர்கள். படம் தர மறுத்தாலும் அப்படியே.

புதுத் திருகு கடைய லேத்தில் கொடுத்திருக்கிறேன். கார்த்திகை இப்போது இருட்டியதுமே மேற்கே சாய்ந்துவிடுகிறது. மே மாதம் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 30 டிகிரி உயரத்துக்கு ஏறும். அதற்குள் திருகு வந்துவிட வேண்டும்.