18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மருத்துவக் கோப்பைக்கூடத் திறந்து பார்க்காத பிசியோதெரபி: ஓர் எச்சரிக்கை

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் தாயாருக்கு இயன்முறைப் பயிற்சி அளிப்பதாகச் சொல்லி, வீட்டிற்கே சிகிச்சையாளரை அனுப்பும் ஒரு செயலி நிறுவனம் 18,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு எங்களை ஏமாற்றியிருக்கிறது. இன்று காலையில்தான் பணம் திரும்பாது என்று கைவிரித்தார்கள். முதல் சந்திப்பிற்கு எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.

பணம் கட்டும் முன் தொலைபேசியில் பேசிய பெண்மணி எதையும் விற்பவரைப் போலவே பேசவில்லை. சர்க்கரை நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, வாசலில் எத்தனை படிகள், கழிப்பறை எந்த வகை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பில் எடுத்து வைக்கவும், முட்டிக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்வான உடை அணிவிக்கவும், கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்றைத் தயாராக வைக்கவும், வலி எந்த நேரத்தில் கூடுகிறது என்று குறித்து வைக்கவும் சொன்னார். "முதல் நாள் முழுக்க மதிப்பீடுதான் சார், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளந்த பிறகே பயிற்சி" என்றார். இவ்வளவு கேட்டறிந்தவர்மீது யாருக்குச் சந்தேகம் வரும்? இருபது அமர்வுகளுக்கான 18,000 ரூபாயை அன்றிரவே செலுத்திவிட்டேன்.

வந்த இளைஞரிடம் கோணமானியும் இல்லை, கேள்வியும் இல்லை. நான் நீட்டிய கோப்பை வாங்கி அப்படியே மேசைமீது வைத்துவிட்டு, முட்டியைச் சுற்றி மின்தூண்டல் கருவியின் பட்டைகளை ஒட்டி, அது ஓடி முடியும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, முட்டிக்கடியில் தலையணை வைத்துப் படுத்தால் இதமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கால் முழுவதும் நீளாமல் மடங்கியபடியே இறுகிவிடும் என்பதால் எந்தக் காரணத்துக்காகவும் முட்டிக்கடியில் தலையணை வைக்கக் கூடாதென்று மருத்துவமனைச் செவிலியர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்து வந்தவர் வேறோர் ஆள். அவருக்கு எந்தக் காலில் அறுவை சிகிச்சை என்பதே தெரியவில்லை. மறுபரிசோதனையில் மருத்துவர், முட்டி இன்னும் 90 டிகிரிகூட மடங்கவில்லை, இப்படியே இறுகினால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டியிருக்கும் என்றார்.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. கனிவாகப் பேசிய அந்தப் பெண்மணியின் எண் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் "மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டோம்" என்றார். இன்னொருவர், சிகிச்சையாளர்கள் தங்கள் ஊழியர்களே அல்லர், தாங்கள் வெறும் இணைப்புப் பாலம் என்றார். 18,000 ரூபாயை வாங்கும்போது அந்தப் பாலம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. கடைசியாக வந்த குறுஞ்செய்தி, தொகுப்பு தொடங்கிவிட்டதால் 18,000 ரூபாயில் ஒரு ரூபாயும் திரும்பாது என்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முதல் அமர்வுக்கு மட்டும் பணம் கொடுங்கள். வருபவர் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் படித்தவரா என்று முன்பே கேளுங்கள். அறிக்கைகளைப் படிக்காமல், முட்டியை அளக்காமல் கருவியை மாட்டுபவரை அங்கேயே நிறுத்துங்கள். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போடலாமா என்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதிந்துவிட்டேன், பதில் வந்தால் எழுதுகிறேன்.