ஃபிராசிர் ஊசி: பரம்பரை முகவீக்கத்துக்கு எந்த அளவு கைகொடுக்கும்?

உதடோ கண்ணிமையோ திடீரென வீங்கினால் ஏவில், ஸ்டீராய்டு, அட்ரினலின் என்று அடுத்தடுத்துப் போடுவார்கள். ஒவ்வாமை என்ற சந்தேகம் இருக்கும்வரை அது சரியே. ஆனால் அரிப்போ தடிப்போ இல்லாமல் வீங்கி, இவற்றுக்கெல்லாம் அசைந்து கொடுக்காமல் இரண்டு முதல் ஐந்து நாள் நீடித்து, அவ்வப்போது கடும் வயிற்றுவலியும் வந்தால் பரம்பரை ஆஞ்சியோஎடிமாவை, அதாவது தோலுக்கடியில் திடீர் வீக்கம் தரும் பரம்பரை நோயை, நினைக்க வேண்டும். சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய். சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதக் குறைபாட்டால் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் உடலில் பெருகி, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. ஃபிராசிரில் உள்ள இக்காட்டிபன்ட், அந்தப் பிராடிகைனின் போய் ஒட்டும் இடத்தையே அடைத்துவிடும்.

ஊசிக்கு முன்னால் நோயை உறுதிசெய்யுங்கள். முதலில் சி4 என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை, அது குறைவாக இருந்தால் சி1 இன்ஹிபிட்டரின் அளவு, செயல்திறன் இரண்டும். அளவை மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்நோயின் இரண்டாம் வகையில் புரதத்தின் அளவு சரியாக இருக்கும், வேலைதான் நடக்காது. 40 வயதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வந்தால் பரம்பரையாக இல்லாமல் பிற்பாடு வந்த வகையா என்று அறிய சி1க்யூ என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் இதே மாதிரி வீக்கம் தரும் என்பதால் மருந்துச்சீட்டைக் கட்டாயம் பாருங்கள்.

பெரியவர்களுக்கு 30 மி.கி., 3 மி.லி. நிரப்பிய சிரிஞ்சாகவே வருகிறது. தொப்புளுக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே, பக்கவாட்டில், பழைய தழும்பை விட்டு விலகி, தோலுக்கடியில் குறைந்தது 30 விநாடி எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். போட்ட இடம் ஏறக்குறைய எல்லோருக்கும் சிவந்து எரியும்; அதை ஒவ்வாமை என்று பயந்து அடுத்த டோஸை நிறுத்த வேண்டாம்.

பலன் உண்மையிலேயே நல்லது. இம்மருந்தைப் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஃபாஸ்ட்-3 ஆய்வில் வீக்கமும் வலியும் பாதியாகத் தணிய ஆன இடைநிலை நேரம் 2 மணி நேரம். போலி மருந்து பெற்றவர்களுக்கு 19.8 மணி நேரம். குறை, மருந்து உடலில் நெடுநேரம் தங்காததுதான். சிலருக்கு வீக்கம் திரும்பும். 6 மணி நேர இடைவெளி விட்டு மறுபடி போடலாம், 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. ஆகவே ஒன்றோடு நிற்காமல் இரண்டு சிரிஞ்சு கைவசம் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். 25 டிகிரிக்குக் கீழ் வைத்தால் போதும். நம் வெயிலுக்கு ஃபிரிட்ஜே பாதுகாப்பு, ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள்.

விலைதான் பெரிய தடை. ஊசி கிடைக்காத இடங்களில் குளிரில் உறையவைத்துச் சேமித்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் உதவும், அரிதாக வீக்கத்தைக் கூட்டவும் செய்யும். குரல் கரகரத்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ, ஊசியைப் போட்ட கையோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டில் காத்திருக்கவே கூடாது.