கத்திரிக்காயை எங்கே நிறுத்துவது?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் “நேற்று இலவம்பாடியிலிருந்து வந்த கத்திரிக்காய் இருக்கிறதா?” என்று கேட்கிறோம். எந்தக் காய் என்று ஒரு வாக்கியத்தால் அடையாளம் காட்ட இது நம் வழி. வினை முன்னே, பெயர் பின்னே: பெயரெச்சம். சிகிச்சைக்காக வந்து விடுதியில் தங்கியிருக்கும் வங்காளிக்கோ இந்திக்காரருக்கோ “எந்தக் கத்திரிக்காய் நேற்று வந்ததோ, அது” என்பதுதான் இயல்பு. இந்தியில் ‘ஜோ’ என்று தொடங்கி ‘வோ’ என்று முடிச்சுப் போடுவார்கள். இந்த ‘ஜோ’ கேள்விச் சொல் அல்ல; கேள்விக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. நாமோ கேள்விச் சொல்லையே எடுத்து வினையில் ஓர் ‘ஓ’வை ஒட்டிக்கொள்கிறோம்.

இந்த ‘எது–அது’ இணை வடக்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. “எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை” என்று புறநானூற்றிலேயே (187) ஔவையார் நிலத்திடம் சொல்லிவிட்டார்.

பெயரெச்சம் சிக்கனமானது. அந்தச் சிக்கனத்தில் வேற்றுமை உருபு காணாமல் போகிறது. “நான் பேசிய பெண்” என்றால் அவளோடு பேசினேனா, அவளைப் பற்றிப் பேசினேனா? “எந்தப் பெண்ணோடு பேசினேனோ அவள்” என்றால் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் அப்படிப் பேசினால் பத்திரம் எழுதுகிறாயா என்பார்கள்.

மூன்றாவது வழி விசித்திரமானது: பெயரை வெளியே எடுக்காமல் உள்ளேயே விட்டுவிடுவது. “தட்டில் கத்திரிக்காய் இருந்ததைத் தின்றேன்” என்கிற அமைப்பில் ஜப்பானியர் சொல்ல முடியும். வயிற்றுக்குள் போவது காய்தான். தமிழில் ‘கத்திரிக்காய் இருந்ததை’ப் பார்க்கலாம், மறக்கலாம், தின்ன முடியாது. அது காயல்ல, காய் இருந்த சங்கதி. மேற்கு ஆப்பிரிக்காவின் பம்பாரா மொழியிலும் பெயர் உள்ளேயே நிற்கும். ‘மின்’ என்ற சொல் பக்கத்தில் நின்று அதை அடையாளம் காட்டும். 824 மொழிகளை ஒப்பிட்ட மொழியமைப்பு அட்லஸ் ஒன்றில் இந்த வழியைப் பிரதானமாகக் கொண்டவை 24தான். எது–அது வழிக்கு வெறும் 7. நம் பெயரெச்சக் கட்சியில் 141.

எனக்குப் பிடித்தது இந்த மூன்றிலும் சேராத ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பேசும் தக்கினி உருதுவில் “தும் போலே சோ பாத்” என்பார்கள்: நீங்கள் சொன்ன பேச்சு. அந்தச் ‘சோ’ ஒரு காலத்தில், ‘வோ’வுக்குப் பதில் ‘சோ’ நின்ற பழைய ‘ஜோ–சோ’ இணையின் பின்பாதி. தக்காணத்து மொழிகளோடு பழகப் பழக ‘ஜோ’ உதிர்ந்தது. மிஞ்சிய ‘சோ’ வினைக்கும் பெயருக்கும் நடுவே, ‘சொன்ன’ என்பதில் நம் ‘அ’ இருக்கும் இடத்தில், வந்து உட்கார்ந்துவிட்டது.