பழைய சுழலிக் கட்டுப்பாட்டுப் பலகைகள்: வாங்குவதா, திருத்துவதா, முறைமையையே மாற்றுவதா?

வட இலங்கையில், பளையின் களப்புக் கரையில் புலோப்பளை, வல்லிமுனை ஆகிய இரு காற்றாலைகள், தலா 10 மெகாவாட் வலுவுடன், 2014ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கின. மன்னார்த் தீவில் 30 சுழலிகளைக் கொண்ட தம்பபவனி 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கோபுரமும் இறக்கையும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைக் கணக்கிற்கொண்டு செய்யப்படுபவை. அவற்றை ஆளும் மின்சுற்றுப் பலகையிலுள்ள சில்லுகளோ (சிப்) அதில் பாதிக் காலத்துக்கு முன்னரே உற்பத்தியிலிருந்து நின்றுவிடலாம். செய்தவர்களும் நிலைப்பதில்லை. 1999இல் அம்பாந்தோட்டையில் அமைந்த நாட்டின் முதற் காற்றாலைக்கு 600 கிலோவாட் சுழலிகள் ஐந்தை வழங்கிய நெக் மைக்கன், 2004இல் வெஸ்டாஸுடன் இணைந்து தன் பெயரை இழந்தது. ஜெர்மனியின் சென்வியன் 2019இல் கடனில் முறிந்தது. எனவே வன்னியில் இன்று சுழலும் இயந்திரங்களின் பலகைகளும் ‘பழைய சரக்கு’ ஆவதற்கு அதிக காலம் இல்லை.

பலகை ஒன்று பழுதானால் எந்த வழி மலிவு என்ற கேள்வியிலிருந்தே பலரும் தொடங்குகின்றனர். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. 1.5 மெகாவாட் சுழலி ஒன்று சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்றில் பாதி வலுவுடன் ஓடினாலும் நாளொன்றுக்கு 18,000 அலகு மின்சாரம் தரும்; ஒரு மாதம் நின்றால் 5,40,000 அலகு போய்விடும். அதே சுழலி பங்குனியில் பத்தில் ஒரு பங்கு வலுவுடன் ஓடுமானால் நாளிழப்பு 3,600 அலகுதான். ஆகவே பலகையின் விலையைவிட, அது எந்த மாதத்தில் பழுதாகிறது, மாற்றுப் பலகை எத்தனை நாளில் கோபுர உச்சியை அடைகிறது என்பவையே தீர்மானிக்கும்.

வெளிச்சந்தையில் பழைய பலகையை வாங்குவது வேகமான வழியாகத் தோன்றும். உதாரணமாக, எரிவாயுச் சுழலிகளை ஆளும் ஜி.ஈ. நிறுவனத்தின் மார்க் 5 என்ற பழைய முறைமையின் பலகைகள் இன்றும் மிகைச் சரக்கு வணிகர்களிடம் கிடைக்கின்றன. ஆனால் டி.எஸ். 200 என்று தொடங்கும் அவற்றின் பலகை இலக்கத்தின் இறுதியில் வரும் எழுத்துகள் அந்த வடிவமைப்பின் எந்தப் பதிப்பு என்பதைக் குறிப்பவை. முன்பகுதி ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புபவர், தன் இயந்திரத்துடன் பொருந்தாத ஒன்றைப் பெறக்கூடும். பலகையின் அமைப்பைத் தெரிவுசெய்யும் சிறு இணைப்புகளான ஜம்பர்கள் முன்னைய உரிமையாளரின் அமைப்பிலேயே இருக்கும். சில பலகைகளில் லித்தியம் பற்றரியை உள்ளே வைத்து மூடிய நினைவகச் சில்லு உண்டு. அது பத்தாண்டளவு தரவைக் காக்கும் என்றே விற்கப்பட்டது. எனவே ‘பெட்டி பிரிக்காதது’ என்ற பெருமையுடன் பதினைந்து ஆண்டு தட்டில் கிடந்த பலகை வெற்று நினைவுடன் வந்து சேரலாம். போலிச் சில்லுகளும் உண்டு: மேற்பரப்பைத் தேய்த்துக் கறுப்புப் பூசி, புதிய இலக்கம் அச்சிடுவார்கள். சில்லின் மேலுள்ள நான்கிலக்கத் திகதிக் குறியைப் பார்க்க வேண்டும். 9437 என்றால் 1994இன் 37ஆம் வாரம். ஒரே வகைச் சில்லுகள் ஒரே குறியுடன் இருந்தும் அவற்றின் கால்களில் பழைய பற்றாசின் தடம் தெரிந்தால், அதைத் திருப்பி அனுப்புவதே நல்லது. இவற்றுக்கு மேலாகச் சுங்கம், வங்கி, ஏ-9 வீதி ஆகிய மூன்றையும் கடக்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2022இல் வங்கிகள் இறக்குமதிக்கான நாணயக் கடிதம் திறக்க முடியாமல் தவித்தபோது, ‘வேகமான வழி’ எவ்வளவு நீண்டது என்பதை எல்லோரும் கண்டோம்.

இருப்பதைத் திருத்துவதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், நம் பலகை நம் இயந்திரத்துக்கு ஏற்கனவே பொருந்தியது என்பதே. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்குத் திருத்தும் மனம் புதிதல்ல. எனினும் அந்தத் துணிச்சல் இங்கே தனியாகப் போதாது. பழுதுகள் பெரும்பாலும் எளியவை: உலர்ந்துபோன மின்பகு கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்), தேய்ந்த ரிலேக்கள், அதிர்வால் வெடித்த பற்றாசு இணைப்புகள், உப்புக் காற்று அரித்த இணைப்பூசிகள். வெப்பநிலை 10 பாகை கூடும்போது மின்பகு கொள்ளளவியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பதால், வெயிலில் நிற்கும் கோபுர உச்சிக் கூண்டுக்குள் அவை முந்தித் தளர்வதில் வியப்பில்லை. பழைய பலகையில் 183 பாகையில் உருகும் ஈயப் பற்றாசு இருக்கும். 217 பாகையளவில் உருகும் ஈயமற்றதை அதன்மேல் கலப்பது பின்னாளில் தொல்லை தரும். வேலை முடிந்ததும் பாதுகாப்புப் பூச்சை மீண்டும் பூசாவிட்டால் களப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்த வழியின் உண்மையான குறை சோதனையில் உள்ளது. மேசையில் மின்சாரம் கொடுத்து விளக்கு எரிவதைப் பார்ப்பது சோதனை ஆகாது. காற்றுக் குறைந்த நாளில் சுழலியில் பொருத்தி, மிகைவேகம், அதிர்வு, அவசர நிறுத்தம் ஆகிய பாதுகாப்புச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இயந்திரத்தை நிறுத்துகிறதா என்று பார்க்கும்வரை அது திருத்திய பலகை அல்ல.

இன்னொரு சுழலியிலிருந்து கழற்றிப் போடுவதை இழிவாகப் பேசுவார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மார்க் 5 போன்ற முறைமைகளின் மூன்று செயலி வகையில், அவற்றுள் இரண்டு ஒத்துப்போனால் போதும் என்பதால் ஒரு பலகை தளர்ந்தாலும் பெரும்பாலும் சுழலி நிற்காது. காற்றுச் சுழலியில் அந்த வசதி வழமையில் இல்லை. அதன் மாற்றுத்துணை பக்கத்தில் நிற்கும் இன்னொரு சுழலிதான். பற்சக்கரப் பெட்டி உடைந்து எப்படியும் மாதக்கணக்கில் நிற்கப்போகும் சுழலியின் பலகையைச் சோளக மாதத்தில் எடுத்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. எடுத்த நாளையும் ஜம்பர் அமைப்பையும் எழுதிவைத்தால் சரி.

படியெடுத்துச் செய்விப்பது ரிலேப் பலகை, மின்வழங்கி போன்ற எளியவற்றுக்கே பொருந்தும். நிரல் ஏற்றிய சில்லுள்ள பலகையில் செம்புத் தடங்களைப் படியெடுக்கலாம், பூட்டிய நிரலைப் படியெடுப்பது வேறு கதை.

முறைமையையே மாற்றுவது செலவிலும் ஆபத்திலும் மிகப் பெரியது. புதிய கட்டுப்படுத்தி கடையில் கிடைக்கும். இறக்கைக் கோணம், மின்வலு மாற்றி அலகு (கன்வேட்டர்), உணரிகள் ஆகியவற்றுடன் அது பேசவேண்டிய மொழியும், அந்த இறக்கைக்குரிய அளவுருக்களும் கடையில் கிடைக்காது. சில்லின் நிரலுக்கு எங்கும் பிரதி இல்லாதபோதும், திருத்திய பலகைகளே திரும்பத் திரும்பப் பழுதாகும்போதும் மட்டுமே இதைத் தெரிவு செய்வேன். அப்போதும் முதலில் ஒரே ஒரு சுழலியில். மாசியில் பொருட்களைச் சேர்த்து, பங்குனி, சித்திரையில் வேலையை முடித்தால், வைகாசிக் காற்றுக்கு அது தயாராக இருக்கும்.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் பலகை நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் நினைவகத்தைப் பிரதியெடுத்து, ஜம்பர்களைப் படம்பிடித்து, சுழலியில் ஒருமுறை ஓட்டிச் சோதித்த உதிரிப் பலகை ஒன்றையாவது ஈரம் புகாத உறையில் நிலையத்திலேயே வைத்திருக்க வேண்டும். கொழும்புக் களஞ்சியத்தில் இருப்பது கணக்கில் சேராது.