கார்98கே: எண் பொருந்தியதா, சோவியத் கைப்பற்றியதா?

கார்98கே ரைஃபிள் வாங்கப் போனால் ரெண்டு வகை கிடைக்கும்: எல்லா பாகத்திலும் ஒரே எண் உள்ளது, போரில் சோவியத் படை கைப்பற்றியது. ரெண்டும் 1935-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட அதே மவுசர் ரைஃபிள்தான், ரிசீவர் (குழலின் பின்பக்கம் உள்ள உலோக உடல்) மேலே ஒரே மாதிரி தொழிற்சாலைக் குறியீடும் வருடமும் இருக்கும் ('பி.ஒய்.எஃப் 44' என்றால் ஓபர்ன்டோர்ஃப் மவுசர், 1944), ஆனால் விலையில் பெரிய இடைவெளி. எல்லா பாகத்திலும் தொழிற்சாலையிலேயே ஒரே எண் அடித்து, மரக் கட்டையில் பழைய முத்திரைகள் மழுங்காமல் இருந்தால், சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அதிகம் கொடுப்பார்கள்.

போரில் சோவியத் படை கைப்பற்றியவற்றைப் பின்னால் பிரித்துப் போட்டு, கிடைத்த போல்ட்டைப் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பொருத்தி, உலோகத்தில் பொறிக்கும் மின் எழுதுகோலால் எண்ணைக் கிறுக்கி, கட்டைக்குச் சிவப்பாக ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிவிட்டார்கள். பலவற்றில் ரிசீவரில் 'எக்ஸ்' குறியும் இருக்கும். அதனால் மதிப்பு குறைவு, சரி, ஆனால் சுட்டுப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எனக்கு இதுவே போதும், குழலின் உட்புறம் நன்றாக இருந்தால்.

அப்புறம் ஒன்று. கைப்பற்றிய துப்பாக்கியின் ஷெல்லாக்கைச் சுரண்டி, எண்ணைப் புதிதாக அடித்து 'ஒரிஜினல்' என்று விற்பவர்களும் உண்டு, அதனால் இலக்கங்களின் வடிவத்தையும் அவற்றைச் சுற்றியுள்ள உலோகத்தின் நிறத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எதையும் தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம், இருக்கிற விலையும் போய்விடும்.