வெள்ளைக் கொடி என்று வாங்கிய ரங்கூன் மல்லி: ஆறு வருட அனுபவம்

போன வாரம் காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார். கொடியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் போதும் என்றார். அந்தக் கொஞ்சத்தின் தழும்பு இரண்டு முழங்கையிலும் இன்னும் கோடு கோடாக இருக்கிறது. அன்றைக்கென்று பார்த்துத் தோழி போன் செய்து, "சுவர் மறையணும், பூ வெள்ளையா இருக்கணும். என்னடி வைக்கலாம்?" என்று கேட்டாள்.

நர்சரியில் நான் கேட்டதும் இதையேதான். அப்போது சாயங்காலம் ஆறரை மணி. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, நல்ல வாசனை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்துக்கு அது வெள்ளைதான். மறுநாள் வீட்டில் பார்த்தால் ரோஸ். அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ராத்திரி வரும் அந்துப்பூச்சிக்கு வெள்ளை, பகலில் வரும் தேனீக்கும் தேன்சிட்டுக்கும் சிவப்பு என்று அது தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. என் சுவர் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, நிறம் போகட்டும். முள்ளைப் பற்றி யாருமே மூச்சு விடவில்லை. இளங்கொடியைத் தடவினால் மெத்தென்று இருக்கும். இலை உதிரும்போதுதான் வினை. காம்பின் அடிப்பாகம் மட்டும் தண்டிலேயே தங்கி, காய்ந்து, கட்டையான முள்ளாக இறுகிவிடுகிறது. ஏறும்போது கம்பியைப் பற்றிக்கொள்ள அது வசதி. இறக்கும்போது நம்மைப் பற்றிக்கொள்கிறது. போதாததற்குத் துவைக்கிற கல் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் எல்லாம் வேரிலிருந்து முளை. பிடுங்கப் பிடுங்க வருகிறது.

சுத்த வெள்ளை வேண்டுமென்றால் முல்லைதான். தலைக்கும் ஆகும், சாமிக்கும் ஆகும். ஆனால் ஜனவரிக் கடைசியில் ஒன்றரை அடி விட்டு வெட்டினால்தான் ஒழுங்காகப் பூக்கும், அப்புறம் துளிர்த்து வரும்வரை சுவர் மொட்டை. வெள்ளைச் சங்குப்பூ சட்டென்று ஏறிவிடும், வாசனைதான் கிடையாது. வெள்ளைக் காகிதப்பூ நல்ல வெயிலுக்கு ஏற்றது, அதிலும் முள்.

"முல்லையே வை, ரங்கூன் மல்லி பக்கமே போகாதே" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஏழு மணிக்குக் கிளம்பியவள் கேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மேலே அன்றைக்குப் பூத்த வெள்ளையும் நேற்றைய ரோஸும் ஒரே கொத்தில். பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் வாசனை. நானும் ஒன்றும் பேசவில்லை. தொட்டிப் பக்கத்து முளை ஒன்றை மண்ணோடு தோண்டி, பால் கவரில் கட்டிக் கொடுத்தேன்.